வார்ஷிகத்தன்று கொடுத்த சீட்டு

எங்கள் எஸ்டேட்டில் சமதரையாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது பெரட்டுக்களம். காலையில் வேலைக்காரர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவார். மற்றபடி எந்தப் பக்கம் திரும்பினாலும் சரிவும் தேயிலையும்தான். அதனால் பள்ளிக்கூடத்து வார்ஷிகமும் அந்தக் களத்தில்தான் நடக்கும். ஆண்டு விழா என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதினாலும், மலையாளத்துச் சொல்லான வார்ஷிகம்தான் எங்கள் வாயில் வரும்.

நான் சொல்லப்போவது ஐம்பதுகளில் ஒரு மார்ச் மாதக் கடைசியில் நடந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. சித்திரபுரத்திலிருந்து மேலே ஒரு மணி நேரம் ஏறினால் எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொழுந்து எடுத்தாள். அம்மாவின் பேர் செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்தில் இருக்கிறவரைதான் அந்த அறை எங்களுக்கு. பேர் போனால் அறையும் போய்விடும். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அது தானாகவே தெரிந்திருக்கும்.

பள்ளிக்கூடமும் ஓர் அறைதான். ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் வருடத் தொடக்கத்தில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பையன்கள் மழைக்காலம் முடிந்ததும் களை எடுக்கப் போய்விட்டார்கள். கடைசியில் மிஞ்சியது நான் மட்டும். ஒரு பெஞ்சு முழுவதும் எனக்கே என்று இருந்தது. வாத்தியார் ஐந்தாம் வகுப்பைப் பார்த்துப் பேசினால் அது என்னைப் பார்த்துத்தான். நானோ வாயைத் திறக்காத பிள்ளை. கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் சிலேட்டில் எழுதி நீட்டுவேனே தவிரச் சொல்லமாட்டேன்.

அப்படிப்பட்டவளை அந்த வருடம் வார்ஷிகத்தில் நன்றி சொல்ல வேண்டும் என்று வாத்தியார் நிறுத்திவிட்டார். வருடக் கடைசியில் ஆள் மிஞ்சிய பெரிய வகுப்புதான் நன்றி சொல்வது வழக்கம். அந்த வருடம் அது ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பென்றால் நான்தான். அவருக்கும் வேறு வழியில்லை. ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார். பெரிய துரைக்கு நன்றி, துரைசானி அம்மாளுக்கு நன்றி, நாற்காலி கொடுத்த ஆபீசுக்கு நன்றி, சாக்கு கொடுத்த ஸ்டோருக்கு நன்றி என்று பத்து வரி. அதை நான் லயத்து வாசலில் நின்று பத்து நாள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறை அத்தைதான் கேட்பாள். அவள் உறவில்லை, ஆனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் கூரைவரை எட்டாது. அந்தப் பக்கம் வெங்காயம் வதக்கினால் இந்தப் பக்கம் கண் எரியும். அதைவிட என்ன உறவு வேண்டும்?

"ஏட்டி, எறும்பு கூட இதவிடச் சத்தமாப் பேசும்" என்பாள். "பெரிய தொரைக்கு ஏற்கெனவே காது மந்தம். நீ நன்றி சொல்லுதியா, திட்டுதியான்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தமிழ்ல சொன்னா அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான மதினி" என்பாள் அம்மா.

வார்ஷிகம் ஞாயிற்றுக்கிழமை. தேயிலைப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பலகை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். கொழுந்து கட்டுகிற சாக்குகளைத் தைத்துத் திரை. பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாளை உரித்து, ராஜா வேடம் போடுகிற பையனுக்குக் கிரீடம் செய்திருந்தார்கள். வெயிலில் அது மின்னியதைப் பார்த்து, முன்வரிசைக் கைக்குழந்தை ஒன்று நாடகம் முடிகிறவரை அழுதது. ராஜா தன் வசனத்தை மறந்துவிட்டு, "சத்தம் போடாத" என்று குழந்தையைப் பார்த்துச் சொன்னான். அதையும் வசனம் என்று நினைத்துத் துரைசானி கைதட்டினாள்.

வருடா வருடம் வாத்தியார் அந்த வருடத்துச் செய்தி என்று ஒன்று வாசிப்பார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இன்ன மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார், இன்னின்ன பிள்ளைக்கு அம்மை போட்டது, ஓடு பறந்தது, புது ஓடு வந்தது என்று எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பார். அந்த வருடம் பள்ளிக்கூடத்து வேலியை ஒற்றை யானை ஒன்று பிடுங்கிப் போட்டிருந்தது. "யானை பள்ளிக்குள் வராமல் வாசலோடு திரும்பிவிட்டது" என்று அவர் வாசித்தபோது, பின்னாலிருந்து ஒருவர், "கணக்குப் பாடம்னு தெரிஞ்சிருக்கும்" என்றார். களமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அவருக்குக் கீழ்நாட்டில், நாகர்கோவில் பக்கம் வீடு. லீவு விட்ட அன்றே கிளம்பிவிடுவார். அன்றைக்கு மூணாறு போகிற எஸ்டேட் லாரியில் அவருக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

செய்தி முடிந்ததும் தேர்ச்சிப் பட்டியல். ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று ரிஜிஸ்தரைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார். பேர் வந்த பிள்ளை எழுந்து "ஐயா!" என்று கத்தும். பெரட்டில் பெரியவர்கள் சொல்வதும் அதுதான். அதே களம், அதே குரல். ஒவ்வொரு பேருக்கும் அந்தப் பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்காருவாள். நான்கிலிருந்து ஐந்துக்குப் போகிறவர்களின் பேரையும் கூப்பிட்டு முடித்தார். அதோடு ரிஜிஸ்தரை மூடிவிட்டார்.

என் பேர் வரவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தோடு சரி, அதற்குமேல் வகுப்பில்லை. கூப்பிட அங்கே இடமே கிடையாது. இன்றைக்குச் சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் ஐந்தாம் வகுப்பைக் கடைசிவரை படித்து முடித்தவர்கள் அங்கே எனக்கு முன் யாருமில்லை. அதனால் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று பார்த்தவர்களும் இல்லை.

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். என்னைத் தனியாக மேடைக்குக் கூப்பிட்டு, அதைக் கையில் கொடுத்தார்.

அந்தக் களத்தில் பேர் கூப்பிடாமல் விட்டு, தனியாக அழைத்து, மடித்த தாளைக் கையில் கொடுத்தால் என்ன அர்த்தம் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் என் தாய்மாமனுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். சூப்பர்வைசரோடு ஏதோ வாய்ச்சண்டை. மறுநாள் பெரட்டில் அவர் பேர் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சீட்டை நீட்டினார்கள். அவரும் வாங்கினார். அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டில் அடுப்புக்கல் மட்டும்தான் கிடந்தது. மாமி அம்மிக்குழவியைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு சித்திரபுரம் பஸ்ஸுக்கு இறங்கிப் போனதை நான் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

வாத்தியார் என்னிடம் ஏதேதோ சொன்னார். பத்திரமாக வை என்றார், அம்மாவிடம் கொடு என்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்து நன்றி சொல்ல வேண்டுமே என்ற பயத்தில் காது அடைத்துவிட்டது. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே, "இனிமே உன் பேரு இங்க கிடையாதும்மா" என்றது மட்டும் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது.

பிறகு நான் நன்றி சொன்னேன். பெரிய துரைக்கு நன்றி, துரைசானி அம்மாளுக்கு நன்றி. என் குரல் எனக்கே கேட்டது. அவ்வளவு அமைதியாக இருந்தது களம். பெண்கள் பக்கத்தில் யாரோ சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்கள்.

"பாவி மக்கா, பேரையும் வெட்டிட்டு அந்தப் பிள்ள வாயாலயே நன்றியும் சொல்ல வைக்கானே" என்றாள் ஒருத்தி.

எல்லாருக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழமும் பென்சிலும் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். துரை கிளம்ப, கூட்டமும் எழுந்தது. வாத்தியார் பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் எங்கள் அறையில் நிற்க இடமில்லை. எழவு வீட்டுக்கு வருகிற மாதிரி பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா சுவரோரமாக இருந்தாள். தாள் அவள் மடியில் கிடந்தது. மலையாளத்திலும் இங்கிலீஷிலும் அச்சடித்த தாள். நடுவில் என் பேர் மட்டும் வாத்தியார் கையெழுத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த தமிழை வைத்துக்கொண்டு அதில் வேறெதையும் படிக்க முடியவில்லை. கோடிட்டு, ஆபீஸ் முத்திரை குத்திய தாள். மாமாவுக்குக் கொடுத்ததிலும் முத்திரை இருந்தது.

"என்னட்டி செஞ்ச?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் செய்யலம்மா."

"சிலேட்ட கிலேட்ட ஒடச்சியா?"

"இல்லம்மா."

"நன்றிய ஒழுங்கா சொல்லலன்னு கோவமோ?" என்றாள் ஒருத்தி.

பக்கத்து அறை அத்தை அவளை முறைத்தாள். "கூறு இருக்கா ஒனக்கு? சீட்டு முந்தி, நன்றி பொறவு. செய்யாத குத்தத்துக்கு முன்கூட்டியே சீட்டு கொடுப்பானா?"

"அப்போ என்னத்துக்குத்தான் வெட்டுனான்?"

"அஞ்சாங் கிளாசுல ஒத்தப் பிள்ளைய வச்சிக்கிட்டு எதுக்குன்னு வெட்டியிருப்பான். மாடு கொறஞ்சா தொழுவத்த மூட மாட்டாகளா?"

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "இன்னைக்கி பிள்ள பேரு. நாளைக்கி என் பேருன்னா நான் எங்கன போவேன் மதினி?"

 அம்மா என்னைக் களை எடுக்க அனுப்பாமல் ஐந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தாள். அதற்காக வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. ஊரிலிருந்து வருகிற கடிதத்தை லயத்துக்கே நான் வாசித்துக் காட்டும்போது, அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அதை நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். மேலே படிக்க வைக்க வேண்டும் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. ஆனால் அந்த இரவு நான் படுத்த பிறகு, "பள்ளிக்கூடத்துலயாவது இவ பேர விட்டுவச்சிருக்கலாம்" என்று அவள் இருட்டில் சொன்னது காதில் விழுந்தது.

அதற்கு முன்பே ஒன்று நடந்துவிட்டது. அதற்கு யோசனை சொன்னவள் அத்தைதான்.

"மதினி, ஒங்க அண்ணன் செஞ்ச தப்பு என்ன தெரியுமா? கைநீட்டிச் சீட்ட வாங்குனது. வாங்காம அங்கனயே நின்னிருந்தா அந்தச் சூப்பர்வைசரால என்ன செய்ய முடியும்? வாங்குன பொறவுதான் பேரு போகும். பிள்ளைக்கி வெவரம் தெரியாம வாங்கிட்டு வந்திருக்கு. நீ திருப்பிக் கொடுத்திரு. கொடுத்துட்டா வாங்கலன்னு அர்த்தம்."

எங்கள் மலையில் எல்லாரும் நம்பிய சட்டம் அது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மா எழுந்தாள். வெளிச்சம் போவதற்குள் நானும் அவளும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். கதவில் பூட்டு. அம்மா குனிந்து தாளைக் கதவுக்கு அடியில் வைத்து, உள்ளே போகிறவரை விரலால் தள்ளினாள். பிறகு நிமிர்ந்து, பூட்டிய கதவைப் பார்த்து, "நாங்க வாங்கலைங்க ஐயா. நீங்களே வச்சுக்கிடுங்க" என்றாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் நெஞ்சு லேசானது. திரும்பும் வழியில் ஆரஞ்சை உரித்து ஆளுக்குப் பாதி தின்றோம்.

மறுநாள் விடிந்ததும் அம்மா என்னையும் பெரட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இடுப்பில் சாக்கு, தலையில் துணி, முதுகில் கூடை எல்லாம் கட்டி முடித்து, பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே கணக்கப்பிள்ளை முன் போய் நின்றாள். கணக்கப்பிள்ளை மழை இல்லாவிட்டாலும் குடையை விடாத மனிதர். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்.

"என்னம்மா, காலங்காத்தால?"

"ஐயா, பிள்ள ஒரு தப்பும் செய்யல. பேர மட்டும் வெட்ட வேண்டாம்னு வாத்தியாருட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

"எந்தப் பேர? யாரு வெட்டுனா?"

"நேத்துச் சீட்டு கொடுத்துட்டாகளே ஐயா, எல்லாரும் பாத்தமே."

கணக்கப்பிள்ளை குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு அம்மாவையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "அட கோட்டிக்காரி! அது போகச் சொல்லுத சீட்டு இல்லம்மா, ஏறச் சொல்லுத சீட்டு! இங்க அஞ்சுக்கு மேல கிளாஸ் இல்ல. சித்திரபுரத்துல ஆறாங் கிளாஸ்ல சேக்கணும்னா இந்தப் பேப்பர் கேப்பாக. இங்க படிச்சு முடிச்சாச்சுன்னு எழுதியிருக்கும். எம் மகளுக்கும் போன வருசம் மூணாறுப் பள்ளிக்கூடத்துல இப்படித்தான் கொடுத்தாக."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. "ஏறச் சொல்லுதாகளா?" என்று ஒருமுறை கேட்டாள். பிறகு மறுபடியும் அதையே கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"சரி, சீக்கிரம் போ. அங்க இன்னைக்கி மத்தியானம் வரைக்கும்தான் பேரு எழுதுவாக. நாளையில இருந்து பூட்டிருவாக. ஜூன்ல போனா எடம் இருக்காது. சீட்டு எங்க?"

"திருப்பிக் கொடுத்துட்டமே ஐயா."

"யாருட்ட?"

அம்மா தரையைப் பார்த்தாள். "கதவுட்ட."

கணக்கப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. வாத்தியார் அந்நேரம் மூணாறு தாண்டி வெகுதூரம் போயிருப்பார். சாவியும் அவரோடு போயிருக்கும். பூட்டை உடைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். "கம்பெனிப் பூட்டு. உடைச்சா அப்புறம் நெசமாவே எல்லாருக்கும் சீட்டு வரும்" என்றார் அவர்.

அப்போது அத்தை வரிசையை விட்டு வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது. "நான் சொன்ன யோசனைதான மதினி இது. என் வாயில மண்ணு விழ. வா, போய்ப் பாப்போம்." அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் கிளம்பினார்கள். கணக்கப்பிள்ளை, "ஏ, பெரட்டு முடியலை, எங்க போறீங்க?" என்று கத்திக்கொண்டே தானும் பின்னால் வந்தார்.

பள்ளிக்கூடத்து ஜன்னல் ஒன்றில் கதவின் கொண்டி உடைந்திருந்தது. வேலியைப் பிடுங்கிய யானையின் வேலைதான் அதுவும். கதவைத் தள்ளிப் பார்த்தோம். மரக்கம்பிகளுக்கு நடுவே கை போகும், தலை போகாது. உள்ளே தாள் தெரிந்தது. இரவுக் காற்று அதைக் கதவடியிலிருந்து தள்ளி, வாத்தியார் மேஜைக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருந்தது.

தேயிலைச் செடியின் மேல்மட்டம் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்க, கொழுந்து எடுப்பவர்கள் நீளமான மெல்லிய கம்பு ஒன்று வைத்திருப்பார்கள். மட்டக்கம்பு என்போம். இரண்டு மட்டக்கம்பை முனைக்கு முனை வைத்துத் தலைத்துணியைக் கிழித்துக் கட்டினாள் அத்தை. ஆனால் கம்பு தாளைத் தள்ளியதே தவிர இழுக்கவில்லை.

"ஒட்டணும்" என்றாள் ஒருத்தி. "பழைய சோறு இருக்குல்லா!"

தூக்குச்சட்டிகள் திறந்தன. அவளவள் மத்தியானத்துக்குக் கொண்டுவந்த சோற்றில் ஒரு பிடி எடுத்துக் கையில் வைத்துக் குழைத்தாள். ஒருத்தி களியே கொண்டுவந்திருந்தாள். சோறும் களியும் சேர்த்துப் பிசைந்து கம்பு முனையில் உருண்டையாகப் பிடித்தார்கள். அத்தை கன்னத்தை ஜன்னல் கம்பியில் அழுத்திக்கொண்டு கம்பை உள்ளே விட்டாள்.

முதலில் வந்தது ராஜாவின் கிரீடம். "இத வச்சிக்கிட்டுப் போனா நேரா பத்தாங் கிளாஸ்லயே சேப்பாக" என்றாள் ஒருத்தி. இரண்டாவது முறை சுண்ணாம்புத் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது முறை தாளின் ஓரம் ஒட்டிப் பாதி வழி வந்து விழுந்தது. "ஐயோ" என்று எல்லாரும் ஒரே குரலில். "சத்தம் போடாதீங்கட்டி, கம்பு ஆடுது" என்று கம்பியில் ஒட்டிய வாயாலேயே திட்டினாள் அத்தை.

கணக்கப்பிள்ளை குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "தள்ளு, இடப்பக்கமா அழுத்து. அழுத்து! சவம், பேப்பர அழுத்தச் சொன்னா தரைய அழுத்துதா" என்று மேஸ்திரி வேலை பார்த்தார். அவருடைய பெரட்டு அங்கே ஆளில்லாமல் கிடந்தது.

எத்தனையாவது முறை என்று நினைவில்லை. தாள் சோற்றோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. அத்தை மூச்சு விடாமல், முழம் முழமாகக் கம்பைப் பின்னுக்கு வாங்கினாள். ஜன்னல் ஓரம் வந்ததும் அம்மா கையை உள்ளே விட்டுப் பிடித்துவிட்டாள். பிடித்த கையை வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது. கம்பியில் உரசி முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை.

எனக்கு இப்போது ஐம்பதுக்கு மேலாகிறது. பத்தாவது வரை படித்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பேர் பதிகிற வேலை கிடைத்து, அதிலேயே இருந்துவிட்டேன். கூட்டத்தில் பேச இன்றும் எனக்கு வராது. இதை எழுதுவதே, பேசத் தெரியாததால்தான். அன்று தங்கள் சோற்றில் ஒரு பிடி குறைந்து மத்தியானம் பசித்த பெண்களில் மூன்று பேர் இப்போது இல்லை. அந்தச் சோறுதான் என்னைப் படிக்க வைத்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். நடந்தது அதுதான்.

நானும் அம்மாவும் குறுக்குப் பாதையில் ஓடினோம். அம்மா கூடையை அத்தையிடம் கழற்றிக் கொடுத்துவிட்டாள். இடுப்புச் சாக்கு மட்டும் அப்படியே இருந்தது. தேயிலைக்கு நடுவே வழுக்கி வழுக்கி இறங்கினோம். தாளை அவள் மடிக்கவும் இல்லை, செருகவும் இல்லை. ஈரம் காயட்டும் என்று இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

சித்திரபுரத்துப் பள்ளிக்கூடத்தில் கரண்டு ஆபீஸ் குடியிருப்புப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டு அப்பாக்களோடு வரிசையில் நின்றார்கள். நாங்கள் கடைசியில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது ஆபீஸ் அறையில் இருந்தவர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். அம்மா தாளை நீட்டினாள். அவர் வாங்கினார். ஆனால் அம்மா விடவில்லை. ஒரு முனை அவர் கையில், ஒரு முனை அம்மா கையில்.

"விடணும் அம்மே" என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

"இத நாங்க வச்சுக்கிடக் கூடாதாங்க ஐயா?"

"அது இவிடெ வைக்கணும். இல்லெங்கில் குட்டிக்கு இடமில்ல."

முந்தின நாள் அந்தத் தாள் வீட்டில் இருக்கக் கூடாது என்று கதவுக்கடியில் தள்ளிய கை அது. இப்போது விரல் விரலாகத்தான் பிரிந்தது. அவர் தாளை மேஜையில் வைத்து நீவினார். நீவிய விரலைப் பார்த்தார்.

"எந்தா இது, சோறோ?"

"ஆமாங்க ஐயா" என்றாள் அம்மா. "அவசரத்துல வேற ஒண்ணும் கிடைக்கல."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவின் முழங்கையைப் பார்த்தார்.  நகத்தால் பருக்கைகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெரிய புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, மை காய ஊதி, "ஜூன்ல வந்தா போதும்" என்றார். அம்மா கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

திரும்பி ஏறும்போது உச்சி வெயில். முதல் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் லயத்துக்காரர்கள்கூட இல்லை. ஆனால் செய்தி அதற்குள் அங்கே வந்திருந்தது. ஒருத்தி கையைக் குவித்து, "ஏக்கா, என்னாச்சு?" என்று கத்தினாள்.

"எழுதிட்டாக!" என்று கத்தினாள் அம்மா. அவள் கத்தி நான் கேட்டதில்லை.

அந்தப் பெண் திரும்பி மேல்வரிசையைப் பார்த்து, "எழுதிட்டாகளாம்!" என்றாள். மேல்வரிசை அதற்கு மேலே சொன்னது. நாங்கள் ஏற ஏற, எங்களுக்கு முன்னால் அந்தச் சொல் மலைமேல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மலையின் முகப்பில் அத்தை, எங்கள் கூடையும் சேர்த்து இரண்டு கூடையோடு செடிகளுக்கு நடுவே நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவளுக்குப் பின்னால் கணக்கப்பிள்ளையின் குரல் கேட்டது: "எழுதிட்டாக, சரி. இனி கொழுந்தப் பாருங்கட்டி!"